வாஞ்சியின் கைத்துப்பாக்கி

பேப்பரில் பழைய துப்பாக்கிப் படம் வந்தா வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பது என் பழக்கம். சட்டைப் பையில் அடங்குற குட்டை ரிவால்வர்னா ரொம்பப் பிடிக்கும். நம்ம சங்ககிரிக் கோட்டையில் 1805-ல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை கதை நமக்குத் தெரியும். வாஞ்சிநாதன் கதை எனக்கு இந்த நோட்டால்தான் தெரிந்தது.

அவர் 1886-ல் செங்கோட்டையில் பிறந்தார். புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தார். கப்பலோட்டிய வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தது அவர் மனசைச் சுட்டது. நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசியச் சங்கத்தில் சேர்ந்தார். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகினார்.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையம். கலெக்டர் ஆஷ் தன் மனைவி மேரியோடு பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வாஞ்சி ஏறிச் சுட்டார். பிறகு ஓடிப்போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். வயசு 25தான்.

அந்தத் துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். ரிவால்வரில் குண்டு வைக்கும் உருளை சுழலும். இதில் உருளை கிடையாது. குண்டுகள் கைப்பிடிக்குள் இருக்கும். இதை மட்டும்தான் படத்துக்குக் கீழே எழுதியிருந்தேன்.

நோட்டைப் பார்த்த எங்க அம்மாயி, வாஞ்சிக்குப் பொண்டாட்டி இல்லையான்னு கேட்டாங்க. தேடிப் பார்த்தேன். பெயர் பொன்னம்மாள். ஒரே நாளில் இரண்டு பெண்கள் கணவனை இழந்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்று அந்த ரயில் நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. என் நோட்டில் வாஞ்சி பெயருக்குப் பக்கத்தில் பொன்னம்மாள், மேரி என்றும் எழுதிவிட்டேன். இனி எந்தத் துப்பாக்கிப் படம் ஒட்டினாலும், அதைப் பிடித்தவர் யார், அதனால் அழுதவர் யார் என்று எழுதாமல் பக்கத்தைத் திருப்ப மாட்டேன்.