புத்திக்கு அப்பால் ஓர் அறிவு

பொன்முடியும் அகத்தியர் மலையும் அடங்கிய மலைத்தொடரிலிருந்து இறங்கிவரும் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறம் என்னும் சிற்றூர் உள்ளது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, அந்த ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லை ஸ்ரீ நாராயண குரு அங்கே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். சாதியின் பெயரால் பெரிய ஆலயங்களுக்குள் அனுமதிக்கப்படாதிருந்த ஈழவ குலத்தில், செம்பழந்தியில் பிறந்தவர் அவர். பிரதிஷ்டை செய்ய அவருக்கு ஏது உரிமை என்று அன்று பலர் கேட்டனர்.

சாஸ்திரம் அறியாதவரல்லர் அவர். சம்ஸ்கிருதத்தில் காவியமும் இலக்கணமும் வேதாந்தமும் கற்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, 'நாணு ஆசான்' எனப் பெயர் பெற்றிருந்தார். தமிழ் நூல்களிலும் நல்ல பயிற்சி உண்டு. ஆயினும் படிப்பு அவருக்குப் போதவில்லை. தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். பின்னர் கன்னியாகுமரிக்கு அருகே, மருத்துவாமலையின் பிள்ளைத்தடம் குகையில் தனித்திருந்து தவம் செய்தார். சாஸ்திரத்தைக் கொண்டே சாதியை மறுக்கலாம், நிலைநாட்டவும் செய்யலாம். அந்த வாதத்திற்கு முடிவே இல்லை. தவம் முடித்து வந்தவரோ வாதிடாமல் ஆற்றில் இறங்கினார்.

அவர் இயற்றிய ஆத்மோபதேச சதகத்தில் 'அறிவு' என்ற சொல் வருமிடம் நமக்குச் சற்றுத் தடுமாற்றம் தரும். நாம் படிப்பையும் பகுத்தறிவையும் அச்சொல்லால் குறிக்கிறோம். குருவுக்கோ அது, அறிபவனிலும் அறியப்படுவதிலும் ஒன்றாய் ஒளிரும் உணர்வு. அதில் நிலைத்தவருக்கு அயலார் என்று எவருமில்லை. இதற்காகப் புத்தியை அவர் இகழ்ந்தாரில்லை. ஆலயங்களோடு பள்ளிகளும் வேண்டும் என்றே வற்புறுத்தினார்.

1928-இல் சிவகிரியில் சமாதியடைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில், விக்கிரகத்திற்குப் பதிலாக ஒரு நிலைக்கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்திருந்தார்.