பட்டுத்தறி கண்ட ஜக்கார்டு

பிரெஞ்சு நாட்டு லியோன் நகரம் பட்டு நெசவிற்குப் பெயர்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு நெய்யப்பெற்ற பூவேலைப் பட்டு மிக்க விலையுடையது. செல்வ மகளிர் தம் பட்டங்கி பழமையுற்றபோதும் அதனை எறிந்துவிடார், தேவாலயத்திற்கு அளிப்பர். அது பிரிக்கப்பட்டுக் குருமார் அணியும் பூசை ஆடையாகும்.

அப்பட்டின் அருமைக்குக் காரணம் அதனை நெய்வோர் பட்ட பாடேயாம். நெசவாளர் ஊடையைச் செலுத்துந்தோறும், தறியின் அருகே நிற்கும் சிறுவரோ சிறுமியரோ பூவமைப்பிற்கேற்பக் கயிறுகளை இழுத்துப் பாவு நூல்களை உயர்த்துதல் வேண்டும். நாள் முழுதும் கயிறிழுத்து அவ்விளையோரின் உடல் நலிந்தது.

இத்துயர் நீங்க வழிகண்டவர் ஜோசப் மேரி ஜக்கார்டு. அவர் 1752ஆம் ஆண்டில் லியோனில் நெசவுக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே அன்னையையும், பின்னர்த் தந்தையையும் இழந்தார். தந்தை விட்டுச்சென்ற பொருள் கடனுக்கு இரையாயிற்று. 1793ஆம் ஆண்டில் லியோன் முற்றுகையிடப்பட்டபோது நகர் காக்கப் போரிட்டார். அப்போர்க்காலத்தில் தம் ஒரே மைந்தனையும் பறிகொடுத்தார். ஆயினும் அவர் ஊக்கம் தளரவில்லை.

பாரிசு நகரத்துத் தொழிற்கலைக் கூடத்தில், வோகான்சன் என்பார் முன்னர் அமைத்த தறியொன்று இருந்தது. ஜக்கார்டு அதனை ஆராய்ந்தார். முன்னோர் முயற்சிகளில் கண்ட நலங்களை ஒருங்கு சேர்த்து, 1804ஆம் ஆண்டில் புதிய கருவியொன்றை அமைத்தார். துளையிட்ட அட்டைகள் அதில் கோவையாகக் கட்டப்பட்டிருக்கும். துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதற்குரிய பாவு நூல் உயரும். துளையில்லாத இடத்தில் நூல் உயராது. ஊடை ஒன்றிற்கு அட்டை ஒன்றாக, பூ தானே மலர்ந்தது.

பேரரசர் நெப்போலியன் 1806ஆம் ஆண்டில் அவருக்கு 3,000 பிராங்கு ஆண்டுத்தொகை வழங்கினார். ஆனால், நெசவாளர் பலர் தம் பிழைப்பு அழியுமென்று அஞ்சி வெகுண்டனர். ஊர்ப் பொதுவிடத்தில் அவர் தறி உடைக்கப்பட்டதென்றும் கூறுவர். அவ்வச்சத்தை முற்றும் பிழையென்று தள்ளலாகாது. பிறர் அக்கருவியின் குறைகளைக் களைந்தபின் அது எங்கும் பரவிற்று; கயிறிழுக்கும் துன்பம் ஒழிந்தது. எனினும் நெசவாளரின் கூலிக்குறை நீங்கவில்லை. 1831ஆம் ஆண்டில் அவர்கள் முறையான கூலி வேண்டிக் கிளர்ந்தெழுந்தனர். உழைப்பின் சுமையைக் கருவி குறைக்கும். அதன் பயனை உழைப்பவர்க்கும் பகிர்ந்தளித்தல் மாந்தர் கடமையாகும்.

ஜக்கார்டு 1834ஆம் ஆண்டில் மறைந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, ஏறத்தாழ 24,000 அட்டைகளைக்கொண்டு அவர் உருவம் பட்டிலேயே நெய்யப்பெற்றது. 1840ஆம் ஆண்டில் லியோன் மக்கள் அவருக்குச் சிலை எடுத்தனர். நம் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளிலும் அவர் பெயர் தாங்கிய கருவி இன்றும் பூவேலை செய்து வருகின்றது.