வீரமாமுனிவர்: பெயருக்குள் ஒளிந்திருக்கும் இத்தாலிக்காரர்

அரியலூர் மாவட்டம் திருமானூர் பக்கம், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது ஏலாக்குறிச்சி. 2007-ல் மாவட்டம் பிரியும் வரை பெரம்பலூர் கணக்கில் இருந்த ஊர். அங்குள்ள அடைக்கல மாதா ஆலயத்துக்குப் போனால் வீரமாமுனிவர் பெயர் கண்ணில் படாமல் இருக்காது. ஸ்கூலில் மனப்பாடம் செய்த அதே பெயர்தான். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

1680-ல் இத்தாலியில் பிறந்த அவரது இயற்பெயர் கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி. கான்ஸ்டான்டைன் என்பதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்கு அசையாத உறுதி என்று பொருள். இயேசு சபைத் துறவியாக 1710-ல் இந்தியா வந்தவர், அந்த உறுதியைத் தைரியமாக்கித் தைரியநாதர் ஆனார். தைரியம் வடசொல். பிறகு அதுவும் தமிழாகி வீரமாமுனிவர் என்று நிலைத்தது. தைரியம் வீரமானது சரி, நாதர் எப்படி முனிவரானார்? நாதர் என்றால் தலைவர். அவரோ காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு வாழ்ந்தவர். இந்த இடத்தில் அகராதியைவிட அவர் வாழ்ந்த விதம்தான் பெயரைத் தீர்மானித்தது போல.

அடுத்தவர் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் ஆக்கி, அதன் மேல் ஒரு கலம்பகமும் பாடினார். காவல், அடைக்கலம் இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்தானே! திருமுழுக்கு யோவான் கருணையன் ஆனார். தேம்பாவணியின் நாயகன் சூசையப்பருக்கு வளன் என்று பெயர் வைத்தார். எபிரேயத்தில் ஜோசப் என்றால் பெருகுவது என்று அர்த்தம். அதனால் வளம், வளன். இதில் ஒரு ரகசியம் இருக்கு. பெஸ்கியின் நடுப்பெயரும் ஜோசப்தான். தன் பெயரில் பாதியைத்தான் அவர் காப்பிய நாயகனுக்குத் தமிழில் சூட்டினார்.

நூலின் பெயரே ஒரு சிலேடை. தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேன் பா அணி என்றால் தேன் போன்ற பாடல்களின் தொகுப்பு. 3,615 பாடல்கள்.

இப்படி எழுத்தோடு விளையாடியவருக்கு ஒரு தலைவலி இருந்தது. அந்தக் காலத்தில் எ, ஒ மேல் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். ஆக, எழுதியிருப்பது எரியா, ஏரியா? முன்பின் படித்துத்தான் ஊகிக்கணும். தமிழ் தெரிந்தவரே தடுமாறுவார் என்றால், புதிதாகக் கற்றவர் கதி? புள்ளியை எடுத்துவிட்டு, நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார் பெஸ்கி. ஏ-வுக்குக் கீழே இழுத்த கோடு, ஓ-வுக்குச் சுழி, கே, தே போன்றவற்றுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு.

1732-ல் சதுரகராதி முடித்து, 1747-ல் மறைந்தார். இன்று ஏலாக்குறிச்சி பஸ் போர்டில் முதல் எழுத்தாக இருப்பது அவர் மாற்றிய ஏ. அதற்கு முன்னால் என்றால் அந்த ஊர்ப்பெயரை எலாக்குறிச்சி என்றும் வாசித்திருக்கலாம்.