கூலோம்: உராய்வை எடை போட்ட பொறியியலாளர்

2004 ஆம் ஆண்டிலிருந்து பியர் எலியட் ட்ரூடோவின் பெயரைத் தாங்கி நின்றாலும், நம்மவர் நாவில் அது இன்றும் டோர்வல் விமான நிலையந்தான். பனிக்காலத்தில் அதன் ஓடுபாதையில் ஒரு வண்டி விரைந்து ஓடிச் சட்டென்று தடுப்பைப் போடும். உள்ளே பொருத்தப்பட்ட கருவி, வேகம் குறையும் வீதத்தை அளந்து பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைத் தரும். கனடிய ஓடுபாதை உராய்வுச் சுட்டெண் எனப்படும் அவ்வெண்ணைக் கேட்டறிந்த பின்னரே விமானி தரையிறங்கத் துணிவார்.

இவ்வகை எண்ணுக்கு அடித்தளமிட்டவர்களுள் தலையாயவர் சார்ல் ஒகுஸ்தென் த கூலோம். மின்னேற்றங்களின் விதியோடு அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பழகிய நாம், அதற்கு முன்னரே அவர் உராய்வை ஆராய்ந்து பரிசு பெற்றதை மாணவருக்குச் சொல்லத் தவறிவிட்டோம்.

1736 இல் பிரான்சின் அங்கூலேம் நகரிற் பிறந்த கூலோம், மெசியேர் இராணுவப் பொறியியற் பள்ளியில் 1761 இல் தேறினார். 1763 இன் பரிஸ் உடன்படிக்கையால் பிரான்ஸ் கனடாவை ஆங்கிலேயரிடம் இழந்தது. கரும்பு விளையும் மார்த்தினிக் தீவையோ மீளப் பெற்றது. நாம் இன்று வாழும் இம்மண்ணை விடுத்து, அடிமைகளின் உழைப்பில் செழித்த அத்தீவைக் காப்பதே அரசுக்குப் பெரிதாய்ப்பட்டது. அங்கே கோட்டை கட்ட 1764 இல் அனுப்பப்பட்ட கூலோம், எட்டாண்டுகள் அந்த வெப்பத்தில் நோயோடு போராடி, 1772 இல் உடல் நலிந்து திரும்பினார்.

எனினும் வெறுங்கையோடு திரும்பவில்லை. மதிலுக்குப் பின்னே குவித்த மண், துகளோடு துகள் உராயும் வலிமையால் நிற்கிறது. அவ்வலிமை தோற்கும் தளத்தில் ஆப்பு வடிவில் சரிந்து மதிலைத் தள்ளுகிறது. இதைக் கணக்கிடும் முறையை 1773 இல் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். பொறியியலாளர் இன்றும் அதைக் கைவிடவில்லை.

1779 இல் ரொஷ்போர் கப்பற்றளத்திற்குச் சென்றார். உராய்வு பாரத்துக்கு நேர்விகிதமானது, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என அமொந்தோன் 1699 இலேயே கூறியிருந்தார். கூலோம் அதைச் சொல்லளவில் ஏற்கவில்லை. மேசைமேல் மரச்சறுக்கியை வைத்து, அதில் பாரமேற்றி, கயிற்றில் எடை தொங்கவிட்டு இழுத்தார். மரத்தையும் உலோகத்தையும், உலர்ந்த பரப்பையும் கொழுப்புப் பூசிய பரப்பையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். மரங்கள் அசையாதிருக்கும் நேரம் கூடக்கூட அவற்றை அசைக்கும் விசையும் கூடுவதைக் கண்டார். நகரத் தொடங்கிய பின் உராய்வு குறைந்து, வேகத்தைப் பெரிதும் பொருட்படுத்தாது நின்றது.

கணக்கு எளிது. 100 கிலோகிராம் பெட்டி சமதரையில் இருப்பின் செவ்வன் மறுதாக்கம் 980 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.4 ஆயின், அசைக்க வேண்டிய விசை 392 நியூட்டன். தரையை 30 பாகை சாய்த்தால் மறுதாக்கம் 849 ஆகவும், உராய்வு 340 ஆகவும் குறையும். கீழே இழுக்கும் கூறோ 490. பெட்டி வழுக்கும்.

வீதியிலும் இதே கதைதான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், குணகம் 0.7 ஆன உலர்ந்த தார் வீதியில் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்கும், குணகம் 0.1 ஆகும் பனிக்கட்டியில் 98 மீற்றர் வரை சறுக்கும். காரின் திணிவு கணக்கில் வெட்டுண்டு போவதால், கனத்த வண்டி வைத்திருப்போர் இறுமாப்புக் கொள்ள இடமில்லை.

இவ்வாய்வுக்குக் கழகம் 1781 இல் பரிசளித்தது. அவ்வாண்டே உறுப்பினராகவும் ஏற்றது. ஆனால், அளந்து கண்டதை ஆள்வோருக்காக மாற்றாத அதே இயல்பு அவரைச் சிறைக்கும் அனுப்பியது. பிரெத்தாஞ் மாகாணத்தின் கால்வாய்த் திட்டங்கள் செலவுக்குத் தகாதவை என அறிக்கையிட்டார், செல்வாக்குள்ளோர் சினந்தனர், 1783 இல் ஒரு வாரம் அடைபட்டார். பின்னர் தவற்றை உணர்ந்த மாகாணத்தார் பெரும் சன்மானம் வழங்க முன்வந்தபோது, ஆய்வுக்கு உதவும் கடிகாரம் ஒன்றை மட்டுமே ஏற்றார் என்பர்.

புரட்சிக் காலத்தில், 1793 இல், கழகம் கலைக்கப்பட்டது. எடை அளவை ஆணைக்குழுவிலிருந்து லவோய்சியேயுடன் கூலோமும் நீக்கப்பட்டார். லவோய்சியே மறு ஆண்டு கொலைக்களம் கண்டார். கூலோம் புளுவா நகரருகே ஒதுங்கி வாழ்ந்து, 1795 இல் பரிசுக்கு மீண்டார். 1802 முதல் பொதுக் கல்வி மேற்பார்வையாளராகப் பணியாற்றிய அவர், 1806 ஓகஸ்ட் 23 ஆம் நாள் காலமானார்.