மேடையில் ஸ்டார், ஹோட்டலில் ரூம் கிடையாது: லாஸ் வேகாஸை மாற்றிய சாமி டேவிஸ் ஜூனியர் யார்?

1990 மே மாதம். ராத்திரி பகல் பாக்காம ஜொலிக்கும் லாஸ் வேகாஸ் கேசினோ வீதியில் 10 நிமிடம் விளக்குகள் அணைக்கப்பட்டன. தொண்டைப் புற்றுநோயால் 64 வயதில் இறந்த சாமி டேவிஸ் ஜூனியருக்கான அஞ்சலி அது. ஒரு காலத்தில் இதே வீதியில், ஷோ முடிந்ததும் அவர் தங்க ஒரு ரூம்கூட தரமாட்டார்கள். காரணம், அவர் ஒரு கறுப்பினத்தவர்.

யார் இவர்?

1925-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே மேடைக் கலைஞர்கள். ஸ்கூலுக்குப் போக வேண்டிய வயதில் அப்பாவோடும், வில் மாஸ்டின் என்ற மூத்த கலைஞரோடும் ஊர் ஊராக ஆடினார். பாட்டு, டான்ஸ், மிமிக்ரி, டிரம்ஸ் என எதைக் கொடுத்தாலும் பின்னியெடுப்பார். ராணுவத்தில் இருந்தபோது, இனவெறி பிடித்த சக வீரர்கள் தாக்கியதில் மூக்கு உடைந்தது.

அப்போ வேகாஸ் எப்படி இருந்தது?

நெவாடா மாகாணம் 1931-லேயே சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. போருக்குப் பிறகு பாலைவனச் சாலையோரம் ஹோட்டல்கள் முளைத்தன. 1946-ல் ஃபிளமிங்கோ, 1952-ல் சாண்ட்ஸ். சிலவற்றின் பின்னால் மாஃபியா பணம் இருந்தது. பிசினஸ் கணக்கு சிம்பிள்: சாப்பாடும் ஷோவும் மலிவு, லாபம் சூதாட்ட மேஜையில். கூட்டத்தை இழுக்க ஸ்டார்கள் வேண்டும்.

ஆனா கறுப்பினக் கலைஞர்கள் அங்கே பாடலாம், தங்க முடியாது. சூதாடவோ, டைனிங் ஹாலில் சாப்பிடவோ கூடாது. ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் இருந்த வெஸ்ட்சைடு பகுதிக்குப் போய்த்தான் தூங்க வேண்டும்.

திருப்பம் எங்கே?

1954-ல் லாஸ்ட் ஃபிரண்டியர் ஹோட்டல் சாமி குழுவுக்கு அங்கேயே தங்க ரூம் கொடுத்தது. அதே நவம்பரில், வேகாஸிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு காரில் போகும்போது விபத்து. இடது கண் போனது. சில மாதங்களில், கண்ணில் கறுப்புப் பட்டையோடு மறுபடியும் மேடையேறினார்.

1960 தொடக்கத்தில் ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டினோடு பகலில் 'ஓஷன்ஸ் லெவன்' ஷூட்டிங், ராத்திரி சாண்ட்ஸில் ஷோ. ஊரே திரண்டது. மேடையில் சாமியின் நிறத்தை வைத்தே ஜோக் அடிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். இன்றைக்கும் பலரை நெளிய வைக்கும் விஷயம் இது.

சாமிக்கு ரூம் கிடைச்சது சரி, மத்தவங்களுக்கு?

அதை வாங்கிக் கொடுத்தது சினிமா ஸ்டார்கள் இல்லை, உள்ளூர் மக்கள். பல் மருத்துவர் ஜேம்ஸ் மெக்மில்லன் தலைமையில் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கேசினோ முதலாளிகள் பயந்தார்கள். 1960 மார்ச் 26-ல் மூலான் ரூஜ் ஹோட்டலில் பேச்சுவார்த்தை நடந்து, பாகுபாட்டைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். 1955-ல் எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்து, சில மாதங்களிலேயே மூடப்பட்ட கேசினோ அது.

அதோடு எல்லாம் முடிந்ததா?

இல்லை. அதே வருடம் நவம்பரில், ஸ்வீடனைச் சேர்ந்த வெள்ளையின நடிகை மே பிரிட்டை சாமி மணந்தார். அமெரிக்காவின் பல மாகாணங்களில் அப்படியொரு கல்யாணமே அப்போது சட்டவிரோதம். கென்னடிக்காகத் தேர்தல் பிரசாரம் செய்தவர் சாமி. ஆனால் வாக்காளர்கள் கோபிப்பார்கள் என்று, பதவியேற்பு விழாவுக்கு வர வேண்டாம் எனச் சொல்லிவிட்டார்கள். பிறகு 1972-ல் நிக்சனைக் கட்டிப்பிடித்தபோது, கறுப்பின ரசிகர்களே அவர்மீது கோபப்பட்டார்கள்.

கோடிகளில் சம்பாதித்தவர், இறக்கும்போது விட்டுச் சென்றது பெரிய வரிபாக்கியை. மூலான் ரூஜ் கட்டடமும் தீ விபத்துகளில் அழிந்துவிட்டது. அதன் நியான் பெயர்ப்பலகை மட்டும் வேகாஸ் நியான் மியூசியத்தில் இருக்கிறது. அந்த ஊருக்குப் போனால், கேசினோக்களோடு சேர்த்து அதையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.