குன்னூரில் எலிகளை எடை போட்டவர்

நீலகிரிக்குச் சுற்றுலா செல்லும் மாணவ மாணவியர் குன்னூரில் சிம்ஸ் பூங்காவைக் காணத் தவறுவதில்லை. அதன் அருகிலேயே நாய்க்கடி மருந்துக்குப் பெயர் பெற்ற பாஸ்டியர் நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்தின் ஓர் அறையில் 1918-ஆம் ஆண்டு ஒரு வெள்ளைக்கார மருத்துவர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி தொடங்கினார். ஏழை வீட்டுப் பிள்ளையின் உடம்பு ஏன் மெலிந்திருக்கிறது என்ற கேள்விக்கு விஞ்ஞான முறையில் விடை தேடியவர்களுள் முன்னோடி அவர். பெயர் ராபர்ட் மெக்காரிசன்.

1878-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் அயர்லாந்தின் வட பகுதியில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம் நாட்டிற்கு வந்தார். முதலில் வடமேற்கு எல்லையில் சித்ரால் கோட்டை, பின்னர் கில்கிட். அங்கே மலை மக்கள் பலருக்குக் கழுத்தில் கழலை இருப்பதைக் கண்டார். ஒரே வாய்க்கால் நீரைப் பல ஊரார் குடித்தனர். மேல் ஊரைவிடக் கீழ் ஊரில் கழலை அதிகம். காரணம் அறிய, அந்த நீரில் வடிகட்டிய கசடைத் தாமே குடித்துப் பார்த்தார்! இக்காலத்தில் எந்த ஆய்வுக் குழுவும் அதற்கு அனுமதி தராது. அயோடின் குறைவே கழலைக்கு முதற் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. கில்கிட்டை அடுத்த ஹுன்சா நாட்டு மக்களின் கட்டான உடலும் அவர் மனத்தில் பதிந்தது. அவர்கள் உண்டது தீட்டாத தானியம், கீரை, பழம், பால்.

குன்னூருக்கு வந்ததும் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்போரிடம் அந்நோய் மிகுதி. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் குறைவு. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டி, பலமுறை களைந்து, கஞ்சியை வடித்தால் சத்தெல்லாம் தண்ணீரோடு போகும். நம் பாட்டிமார் வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடித்ததற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு என்று நான் வீட்டில் சொன்னபோது, என் பாட்டி, வேறு என்ன இருந்தது குடிக்க என்று கேட்டுவிட்டார்.

இடையில் அரசு சிக்கனம் என்று சொல்லி ஆராய்ச்சிக்குப் பணம் தர மறுத்தது. இரண்டாண்டு வேலை நின்றது. 1925-இல் மீண்டும் தொடங்கியது. 1928-இல் அதுவே ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவரே முதல் இயக்குநர்.

இனி அவருடைய புகழ்பெற்ற சோதனை. ஒரே வயதுள்ள எலிக் குஞ்சுகளை, இருபது இருபதாக, ஏழு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்திற்குச் சீக்கியர் உணவு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, வாரம் ஒருமுறை இறைச்சி. மற்றவற்றிற்குப் பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவு. கடைசிக் கூட்டத்திற்கு நம் சென்னை மாகாண உணவு: களைந்த வெள்ளை அரிசி, கொஞ்சம் பருப்பு, காய், எண்ணெய், பால் குறைந்த காப்பி. (எலிக்குக் காப்பி கொடுத்ததை எங்கள் வகுப்பில் யாரும் நம்பவில்லை.) 140 நாள் கழித்து எடை போட்டார். சீக்கிய உணவு தின்ற எலியின் சராசரி எடை 235 கிராம். நம் உணவு தின்றது 155 கிராம். ஏழு கூட்டத்தில் அதுவே கடைசி.

இதில் நான் பெரிதாக நினைப்பது ஒன்று. அக்காலத்து ஆங்கில அதிகாரிகள், சில சாதியாரும் சில இனத்தாரும் பிறவியிலேயே வீரர், மற்றவர் பிறவியிலேயே நோஞ்சான் என்று சொல்லிப் பட்டாளத்திற்கு ஆள் எடுத்தனர். மெக்காரிசனின் எலிகளோ எல்லாம் ஒரே இனம். மாறியது தட்டில் வைத்த உணவு மட்டுமே. இங்கிலாந்து ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரைத் தேநீர், டின் இறைச்சி ஆகியவற்றைக் கொடுத்த எலிகள் இரண்டு மாதத்தில் ஒன்றையொன்று கொன்று தின்னத் தொடங்கின. ஆளும் இனத்து ஏழைக்கும் அதே கதிதான்.

ஆயினும் அவர் வரிசைப்படுத்தியது மாகாணங்களை, வீடுகளை அல்ல. பஞ்சாபிலும் எருமை கட்டிய வீட்டில்தான் வெண்ணெய் இருக்கும். கூலிக்குப் போகிறவன் வீட்டில் ஏது? இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று. நான் இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி, கபடி ஆடுகிறவள். சென்ற ஆண்டு மருத்துவ முகாமில் எங்கள் அணியினருக்கு இரத்தம் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் இரத்தச் சோகை. 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 9.5. முதல் பாதியில் முன்னணியில் இருக்கும் நாங்கள் இரண்டாம் பாதியில் தோற்கும் இரகசியம் அன்று தெரிந்தது. முட்டையும் பாலும் கீரையும் சாப்பிடச் சொன்னார்கள். என் தாயார் நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை செய்கிறார். அவர் கை பட்ட முட்டை கடல் கடந்தும் போகிறது. எங்கள் வீட்டிற்கு வருவது வாரத்திற்கு இருமுறை, மலிவாகக் கிடைக்கும் விரிசல் முட்டை. ஐந்து பேருக்குத் தினம் ஒன்று என்றால் மாதம் 150 முட்டை. ஒன்று 6 ரூபாய் என்றாலும் 900 ரூபாய். பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் முட்டை கிடைத்தது. பதினோராம் வகுப்பில் நின்றது. உடம்புக்கு வேண்டியது அப்போது நின்றதா என்ன?

மெக்காரிசனுக்குப் பின் 1935-இல் குன்னூர்க் கூடத்தின் இயக்குநரான அய்க்ராய்ட் இதைச் சரியாகப் பிடித்தார். தென்னிந்தியக் கிராமங்களில் வீடு வீடாக உணவைக் கணக்கெடுக்கச் செய்தார். நிறைவான உணவின் செலவு ஏழைக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது என்று எடுத்துக் காட்டினார். விடுதிப் பிள்ளைகளுக்கு ஆடை நீக்கிய பால் கொடுத்து உயரமும் எடையும் கூடுவதை அளந்தார்.

மெக்காரிசன் நம் புன்செய்க்காரர்களுக்கு உவப்பான வேலை ஒன்றும் செய்தார். 1926-இல் கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்துடன் சேர்ந்து, சாண எரு இட்டு விளைந்த சிறுதானியம் இரசாயன உரமிட்டதைவிடச் சத்து மிக்கது என்று எழுதினார். சேலம், நாமக்கல் மேட்டு நிலத்தில் நேற்று வரை உண்டது ராகிக் களியும் கம்பஞ்சோறும்தான். 100 கிராம் ராகியில் கால்சியம் 344 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10. இன்று ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது; ராகியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. எனினும் எங்கள் வீட்டில் காலையில் ராகிக் கூழ் மீண்டும் வந்துவிட்டது. முட்டையைவிட அது மலிவு.

1933-இல் சர் பட்டம் பெற்ற மெக்காரிசன், 1935-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். குன்னூர்க் கூடம் 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1960-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள், தம் 82-ஆம் வயதில் அவர் காலமானார்.