உபாத்தியாயர்களின் பாதுகாவலர்: அர்ச். தெ லாசால் அருளப்பர்



உபாத்தியாயராகும் எண்ணத்தோடு நீர் இப்போது பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம். அல்லது உம் மகனோ மகளோ படித்துக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது, ஏன் அப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றி ஒவ்வொரு உபாத்தியாயருக்கும் சொந்தமாக ஒரு கொள்கை வேண்டும் என்கிறார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்தக் கொள்கை எங்கிருந்து வரும்? வகுப்பறைக்குள் கால் வைக்குமுன் மேசைமுன் உட்கார்ந்து எழுதி முடித்துவிடக்கூடிய காரியமா அது? இதற்கு ஒரு அர்ச்சியசிஷ்டவருடைய சீவியமே பதில் சொல்கிறது. உபாத்தியாயர் அனைவருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை நியமித்திருக்கும் அவர், உபாத்தியாயராக வேண்டுமென்று ஒருநாளும் ஆசைப்பட்டவர் அல்ல என்பதைக் கேட்டால் நீர் ஆச்சரியப்படுவீர்.

பிரான்சு தேசத்து ரேம்ஸ் நகரில் 1651-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி, செல்வமும் செல்வாக்கும் நிறைந்த நீதிபதி குடும்பத்தில் அவர் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். ஸ்நாபக அருளப்பர் என்பது அவருக்கு இட்ட பெயர். பதினைந்து வயதிலேயே பேராலயத்தின் கனோன் பதவி அவருக்குக் கிடைத்தது. வருமானமும் மரியாதையும் உள்ள பதவி அது. பாரீஸில் குருத்துவப் படிப்புப் படித்துக்கொண்டிருக்கையில், 1671-ல் தாயும் 1672-ல் தகப்பனும் இறந்துபோனார்கள். தம்பி தங்கைகளைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலைமேல் விழுந்தது. ஊருக்குத் திரும்பிக் குடும்பத்தைப் பராமரித்துக்கொண்டே படிப்பைத் தொடர்ந்து, 1678-ல் குருப்பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டில், ஏழைப் பையன்களுக்கு இலவசப் பள்ளி திறக்க விரும்பிய ஆத்ரியான் நியேல் என்பவர் ரூவான் நகரிலிருந்து வந்து சேர்ந்தார். தெ லாசால் சுவாமியார் அவருக்கு ஆலோசனை சொல்லி உதவினார். அவ்வளவோடு தம் வேலை தீர்ந்தது என்றுதான் நினைத்தார். ஆனால் நியேல் ஒரு பள்ளியைத் திறந்ததும் அடுத்ததைத் திறக்க ஓடுகிற சுபாவமுள்ளவர். அமர்த்திய உபாத்தியாயர்களோ வழிகாட்ட ஆளின்றி, சொற்பச் சம்பளத்தில், தங்களுக்கே சரியான பயிற்சியில்லாமல் தடுமாறினார்கள். உபாத்தியாயர் சரியில்லாவிட்டால் பள்ளி எப்படிச் சரியாகும்?

சுவாமியார் 1680-ல் அவர்களைத் தம் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தார். 1681-ல் தம் வீட்டிலேயே குடிவைத்தார். இது அவருக்கு இலேசாக வந்த காரியமல்ல. அந்நாளில் ஏழைப் பள்ளி உபாத்தியாயருக்குச் சமூகத்தில் மதிப்புக் கிடையாது. தம் சொந்த வேலைக்காரனுக்கும் கீழாகவே அவர்களை முன்பு எண்ணியிருந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். உறவினர்கள் கொதித்தெழுந்தார்கள். கூட இருந்த தம்பிமாரில் இருவர் அவரை விட்டுப் பிரிக்கப்பட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1682-ல் பரம்பரை வீட்டையே விட்டு, உபாத்தியாயர்களோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கேதான் பெரிய சோதனை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டால் எங்கள் கதி என்ன என்று உபாத்தியாயர்கள் கலங்கினார்கள். தேவ பராமரிப்பை நம்புங்கள் என்று சுவாமியார் புத்தி சொன்னார். அவர்கள் விடவில்லை. உமக்குக் கனோன் வருமானமும் பிதிரார்ஜித சொத்தும் இருக்கின்றன; பள்ளி விழுந்தாலும் நீர் விழமாட்டீர்; நாங்களோ தெருவில் நிற்போம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். வாசகரே, அவருடைய இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்திருப்பீர்? கோபித்திருக்கலாம், நன்றிகெட்டவர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரோ அவர்கள் சொல்வது நியாயமென்று ஒப்புக்கொண்டார். 1683-ல் கனோன் பதவியைத் துறந்தார். அதைத் தம்பிக்குத் தரும்படி வற்புறுத்தப்பட்டபோதும், ஏழைக் குரு ஒருவருக்கே விட்டுக்கொடுத்தார். பின்பு வந்த பஞ்சத்தில் தம் சொத்தையெல்லாம் ஏழைகளுக்கு அப்பமாகப் பங்கிட்டார். இனி அவரும் அவர்களும் ஒரே படகில் இருந்தார்கள். கற்பிப்பவன் தான் சொல்வதைத் தானே சீவித்துக் காட்டவேண்டும் என்கிற கொள்கையை அவர் எழுதுமுன் விலை கொடுத்து வாங்கினார்.

இப்படிப் பிறந்ததுதான் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர் சபை. சகோதரர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்க அவர் முதலில் எண்ணியிருந்தார். அந்தச் சகோதரர் 1690-ல் இறக்கவே, அதைச் சர்வேசுரனுடைய சித்தமென்று கண்டு, தம் சபையார் குருக்களாகாமல் உபாத்தியாயராகவே இருக்கவேண்டுமென்று தீர்மானித்தார். கற்பிப்பது வேறொரு வேலைக்கு ஏறும் படியல்ல. அதுவே முழு அழைத்தல் என்பது இதனால் விளங்கும்.

வகுப்பறை அவருக்குக் கற்பித்தவை இன்னும் உண்டு. அக்காலத்தில் பிள்ளைகள் முதலில் லத்தீனில்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுவார்கள். ஏழைப் பிள்ளையோ சில ஆண்டுகளுக்குள் கூலிவேலைக்குப் போய்விடுவான். லத்தீனும் வராது, தாய்மொழியும் வராது. ஆகையால் அவர் பிரெஞ்சு வாசிப்பை முதலில் வைத்தார். ஒரு மேற்றிராணியார் பழைய முறையே நல்லது என்று நினைத்தபோது, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலம் எவ்வளவு, அதற்குள் அவர்களுக்கு எது பயன்படும் என்று கணக்குக் காட்டி விளக்கினார். ஒவ்வொரு பையனாக அழைத்துப் பாடம் கேட்க மற்றவர்கள் சும்மா இருந்த வழக்கத்தையும் தம் பள்ளிகளில் விட்டார். ஒரே நிலையிலுள்ளவர்களை ஒன்றாக அமர்த்தி, ஒரே புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஒருவன் வாசிக்க மற்றவர் மனதுக்குள் தொடரச் செய்தார். உபாத்தியாயர் குறைவாகப் பேசி, சைகையால் வகுப்பை நடத்தினார்.

கூட்டமாகக் கற்பித்தாலும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அறியவேண்டும் என்பது அவர் கட்டளை. ஆண்டு முடிவில் ஒவ்வொரு மாணவனுடைய சுபாவம், நற்குணம், குறை இவற்றை உபாத்தியாயர் எழுதிவைப்பார். ஒரு பையன் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று ஆராய வேண்டும்: வீட்டில் வறுமையா, பெற்றோரின் அசட்டையா, அல்லது உபாத்தியாயரிடத்திலேயே குற்றமா? அடிக்கும் வழக்கத்தை அவர் முற்றிலும் ஒழிக்கவில்லை. ஆனால் அக்காலத்துக்கு மிகக் கடுமையான வரம்புகளை அதற்கு விதித்தார். புதிய உபாத்தியாயர்களைப் பழக்குவோருக்கான விதிகளில், அவர்களிடமிருந்து களையவேண்டிய குறைகளில் ஒன்றாக ஓயாமல் பேசும் ஆசை குறிக்கப்பட்டிருக்கிறது!

இவையெல்லாம் ஒருவர் அறைக்குள் இருந்து கண்டுபிடித்தவை அல்ல. அனுபவமுள்ள சகோதரர்களோடு கலந்து பேசி, வகுப்பில் செய்துபார்த்து, ஒத்துவராததைத் தள்ளி, ஒத்துவந்ததை வைத்து, பள்ளிகளை நடத்தும் முறை பற்றிய நூல் உருவாயிற்று. 1706-ல் கையெழுத்துப் பிரதியாக வழங்கிய அது, அவர் இறந்தபின் 1720-ல்தான் அச்சேறியது. முதல் பள்ளி திறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

துன்பங்களுக்கும் குறைவில்லை. பணம் வாங்கி எழுத்துக் கற்பித்தவர்கள் பாரீஸில் அவர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1704-ல் தீர்ப்பு அவருக்கு விரோதமாயிற்று. 1712-ல் வேறொரு வழக்கிலும் தோற்றார். தாம் இருப்பதே சபைக்கு இடைஞ்சலோ என்று மனம் சோர்ந்து தென்பகுதியில் ஒதுங்கியிருந்தார். அந்த நாட்களில் கிரனோபிள் நகரில், வெளியூர் சென்ற ஒரு சகோதரருக்குப் பதிலாக, வேதசாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அந்த முதியவர் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தார். 1714-ல் பாரீஸிலிருந்த சகோதரர்கள், அவர் கொடுத்திருந்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின் பேரால் திரும்பிவரும்படி அவருக்கே கட்டளையிட்டார்கள். ஸ்தாபகர் கீழ்ப்படிந்தார். 1717-ல் தலைமையை வேறொரு சகோதரரிடம் ஒப்படைத்து, 1719 ஏப்ரல் 7, பெரிய வெள்ளிக்கிழமையன்று ரூவான் அருகில் இறந்தார். 1900-ல் அர்ச்சியசிஷ்டப் பட்டமும், 1950-ல் 12-ம் பத்திநாதர் பாப்பரசரால் உபாத்தியாயரின் பாதுகாவலர் என்னும் பெயரும் அவருக்கு உண்டாயின. தூத்துக்குடியில் அவர் பெயர் தாங்கிய பள்ளியை நம்மில் பலர் அறிவோம்.

ஆகையால், உபாத்தியாயராகப் போகிற வாசகரே, உமக்கு இன்னும் கொள்கை ஒன்றும் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதல் நாள் வகுப்புக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோம். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதும். எவன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரியும். மூத்த உபாத்தியாயர்களிடம் கேளும். நீர் கேவலமாக நினைத்தவரிடமும் கேளும். உம்முடைய முறை பிள்ளைக்கு உதவாவிட்டால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும் மாற்றிவிடும். பிள்ளைகளிடம் எதைக் கேட்கிறீரோ அதை முதலில் நீர் செய்யும். சில ஆண்டு சென்று அந்த நோட்டைத் திறந்து பாரும்; உமது கொள்கை அதில் பாதி எழுதப்பட்டிருக்கும்.

ஏப்ரல் 7-ம் தேதி அவருடைய திருநாள். அன்று உமக்கு எழுத்தறிவித்தவர்களை நினைத்துப் பூசை காணும்.

அர்ச். தெ லாசால் அருளப்பரே, எங்கள் உபாத்தியாயர்களுக்காக வேண்டிக்கொள்ளும்.